கட்டி நிற்கும் படகில் டிஷ் டிவி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வீட்டுக் கூரையில் டிஷ் பூட்டுவது அரை மணித்தியால வேலை. அதே டிஷ்ஷைக் கொண்டுபோய்ப் படகில் பூட்டினால் முதல் பத்து நிமிடம் படம் கண்ணாடிபோல இருக்கும், காற்று கொஞ்சம் திரும்பியதும் திரையில் "சிக்னல் இல்லை" என்று வரும், ஒருவர் மேலே ஏறித் திருப்புவார், வரும், திரும்பவும் போகும். மட்டக்களப்பு வாவியில் சுற்றுலாப் படகு வைத்திருக்கிறவர்கள், வாழைச்சேனையில் இரவில் பலநாள் படகில் காவலுக்குப் படுக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் இது தெரிந்த கதைதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிந்தவரை டிஷ்ஷைப் படகில் பூட்டாதீர்கள். கரையிலோ, துறையிலோ, வாவி அடியில் இறக்கிய ஒரு குழாயிலோ பூட்டிவிட்டு வயரை மட்டும் படகுக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் மட்டும் படகில் பூட்டலாம், ஆனால் அப்போது வேலையில் பாதி டிஷ்ஷில் இல்லை, படகைக் கட்டுகிற விதத்தில் இருக்கிறது.

டிஷ் உங்களுக்குத் தேவைதானா

சக்தி, வசந்தம், நேத்ரா, ரூபவாஹினி போதும், செய்தியும் இரண்டு நாடகமும் பார்த்தால் சரி என்கிறவர்கள் முதலில் ஒரு சாதாரண அன்டெனாவைக் குழாயில் கட்டி உயர்த்திப் பாருங்கள். அந்த அன்டெனாவின் பார்வை அகலமானது, படகு இருபது பாகை திரும்பினாலும் படம் பெரிதாகக் கெடாது. உங்கள் இடத்தில் அது சுத்தமாக எடுத்தால் இந்தக் கட்டுரையின் மிச்சத்தை வாசிக்காமலே விட்டுவிடலாம். கிரிக்கெட் மட்டும்தான் என்றால் போனில் டேட்டா போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி, மாதக் கடைசியில் டேட்டாவுக்கு எவ்வளவு போனது என்று பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

டிஷ் வேறு விதம். செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது, அங்கிருந்து வருகிற சிக்னல் மிகவும் மெலிந்தது, அதைப் பொறுக்கி எடுக்க டிஷ் ஒரு சின்னப் புள்ளியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வை அகலம் கிட்டத்தட்ட 3 பாகை. அதாவது நடுவிலிருந்து எந்தப் பக்கம் ஒன்றரைப் பாகை விலகினாலும் சிக்னல் பாதியாகிவிடும். 90 சென்ரிமீற்றர் டிஷ் என்றால் இன்னும் மோசம், ஒரு பாகை விலகினாலே பாதி. பெரிய டிஷ் வாங்கினால் படகில் நன்றாக எடுக்கும் என்று நினைத்து அதிகக் காசு கொடுக்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை: அசைகிற இடத்தில் சின்ன டிஷ்தான் மன்னிக்கும், அசையாத இடத்தில் பெரிய டிஷ் மழையைத் தாங்கும். ஆகவே குழாயில் பூட்டுவதென்றால் 80, 90 எடுங்கள், படகில் பூட்டுவதென்றால் 60 போதும்.

எந்தச் செய்மதி, எந்தத் திசை

இலங்கையில் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிற டயலொக் டிவி 45 பாகை கிழக்கு நெட்டாங்கில் நிற்கிற செய்மதியிலிருந்து வருகிறது. மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் அது கொம்பஸில் 260 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து பத்துப் பாகை தெற்குப் பக்கம், தரையிலிருந்து 47 பாகை உயரத்தில். இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் 93.5 பாகை கிழக்கில் நிற்கிற ஜிசாட்-15இலிருந்து வருகிறது, மாதக் கட்டணம் இல்லை, முன்பு பொதிகை என்றிருந்து 2024இல் பெயர் மாறிய டிடி தமிழ் அதில் இருக்கிறது. அது நமக்குத் தென்கிழக்கில் 123 பாகை, உயரம் 73, 74 பாகை, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தெற்கே போனாலும் இந்த எண்கள் இரண்டு மூன்று பாகைதான் மாறும். வேறு சந்தாச் சேவை ஏதும் வாங்குவதென்றால் அது இலங்கையில் அனுமதி பெற்றதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் சந்தா காட் நின்றுபோனால் கேட்க ஆள் இருக்காது.

இந்த இரண்டு எண்களும், திசையும் உயரமும், படகைக் கட்டுகிற இடத்தையே தீர்மானிக்கும். டயலொக்குக்கு மேற்கு திறந்திருக்க வேண்டும். கல்லடி, நாவற்குடா என்று எழுவான்கரை, அதாவது கிழக்குக் கரைப் பக்கம் வாவியில் கட்டினால் மேற்கே வெறும் தண்ணீர், எந்தத் தொல்லையும் இல்லை. எதிரே மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் கரையை ஒட்டிக் கட்டினால் மேற்கே தென்னந்தோப்பு. கணக்கு லேசானது: 47 பாகை உயரத்துக்கு, மரம் எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும். ஐம்பது அடித் தென்னை என்றால் ஐம்பது அடி தள்ளிப் போங்கள், ஓலை காற்றில் ஆடுவதற்கும் சேர்த்து இன்னும் பத்தடி. ஃப்ரீ டிஷ் உச்சிக்குக் கிட்ட இருப்பதால் அதற்கு மரத்தின் உயரத்தில் மூன்றிலொரு பங்கு தள்ளி நின்றால் போதும்.

டயலொக்குக்குத் திசை பார்க்கச் சூரியனை வைத்தே ஒரு வழி இருக்கிறது. மார்ச் 17ஐ ஒட்டிய நாட்களில் பிற்பகல் 3 மணியளவிலும், செப்டெம்பர் 26ஐ ஒட்டிய நாட்களில் மூன்று மணிக்குக் கால் மணித்தியாலம் முன்பும், சூரியன் சரியாக அந்தச் செய்மதியின் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் படகில் டிஷ் வரப்போகிற இடத்தில் வெயில் விழுந்தால் செய்மதியும் தெரியும், நிழல் விழுந்தால் தெரியாது. அதே நாட்களில் அதே நேரம் சில நிமிடங்களுக்குப் படம் உடைந்து போகும், சூரியனின் இரைச்சல் டிஷ்ஷுக்குள் விழுவதுதான் காரணம். அப்போது போய் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், தானாகச் சரியாகும்.

முதல் வழி: நிலத்தில் நிற்கிற குழாய்

துறையில் மரத்தூணோ கொங்கிரீட் தூணோ இருந்தால் வேலை முடிந்தது, உரியவரிடம் கேட்டு அதில் பூட்டுங்கள். இல்லையென்றால் துருப்பிடிக்காமல் நாகம் பூசிய இரண்டு அங்குல ஜீ.ஐ. இரும்புக் குழாய் ஒன்று. வாவி பல இடங்களில் ஆள் நின்று வேலை செய்கிற ஆழம்தான், அடியில் சேறு, அதற்குக் கீழே கொஞ்சம் இறுக்கமான மண். குழாய் அந்த இறுக்கத்தில் போய் நிற்கும்வரை இறக்க வேண்டும், சேற்றில் மட்டும் நின்றால் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றின் முதல் வாரத்திலேயே சாயத் தொடங்கும். தலையை இரண்டு பக்கம் கயிறோ கம்பியோ கட்டி இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஒரு கணக்குச் சொல்கிறேன்: மணிக்கு 50 கிலோமீற்றர் காற்றில் 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷை ஏறத்தாழ நாலைந்து கிலோ எடை தள்ளும், 90 சென்ரிமீற்றர் என்றால் பத்துக் கிலோ. காற்று இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு.

குழாய் இறக்குமுன் அந்தப் பக்கம் வலை போடுகிறவர்களிடம், மீனவர் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தோணி போகிற வழியில் இரவில் கண்ணுக்குத் தெரியாத இரும்புக் குழாய் நிற்பது விளையாட்டில்லை. வெள்ளைத் துணியோ, விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிற நாடாவோ கட்டாயம் சுற்றிவிடுங்கள்.

குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் இருக்கிற பாகை அளவுகோல் பொய் சொல்லும், பிறகு நீங்கள் வானம் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வயருக்கு நல்ல ஆர்ஜி6 (டிஷ்ஷுக்குப் போடுகிற தடித்த வட்ட வயர்) எடுங்கள், முப்பது மீற்றர்வரை பிரச்சினை இல்லாமல் போகும். குழாயிலிருந்து படகுக்கு வருகிற இடத்தில்தான் கவனம். வயரைக் கட்டுக்கயிறோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டிக்கொண்டு வாருங்கள், கயிறு முழுக்க இழுபட்டாலும் வயர் தொய்வாகவே இருக்க வேண்டும், இழுவையைக் கயிறு வாங்கட்டும். எவ்வளவு தொய்வு என்றால், நம் கரையில் வற்றுப்பெருக்கு ஓரிரு அடிதான், ஆனால் மாரியில் வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டிவிட்டால் தண்ணீர் மளமளவென்று இறங்கும். அந்த இறக்கத்துக்கும் சேர்த்து ஆறேழு அடி மிச்சம் விடுங்கள். படகு விளிம்பில் ஒரு இணைப்பு வைத்தால் நல்லது: படகை எடுக்கும்போது கழற்றலாம், மறந்து எடுத்துவிட்டாலும் அந்த இடத்தில் கழன்று வரும், டிஷ்ஷைப் பிடுங்காது.

இணைப்புகளுக்கு மேல் ஒட்டுகிற பசை நாடா வேண்டாம், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற றப்பர் நாடா இருக்கிறது, அதைச் சுற்றுங்கள். வாவித் தண்ணீர் உப்பு கலந்தது, வயரின் பின்னல் வழியாக உள்ளே ஏறினால் ஒரு மாதத்தில் செம்பு பச்சையாகிவிடும். வயர் படகின் அறைக்குள் நுழையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

இரண்டாவது வழி: படகிலேயே

தள்ளி நின்று நங்கூரம் போடுகிறவர்களுக்கு வேறு வழியில்லை. ஒற்றை நங்கூரத்தில் நிற்கிற படகு காற்றோடு வட்டம் போடும், பகலில் கடற்காற்று, இரவில் கரைக்காற்று, படகு அரைவட்டம் திரும்பிவிடும். ஆகவே முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று, இரண்டு நங்கூரம், கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். நாலு மூலையும் கட்ட முடிந்தால் அதைவிட நல்லது.

எவ்வளவு ஆட்டம் தாங்கும்? படகு வட்டமாகத் திரும்புவதும், பக்கவாட்டில் சரிவதும் ஒன்றல்ல. செய்மதி உச்சிக்குக் கிட்ட இருந்தால் படகு திரும்புவது டிஷ்ஷை அவ்வளவாகப் பாதிக்காது. கணக்குப் பார்த்தால், டயலொக்குக்குப் படகு இரண்டு பாகை திரும்பினாலே 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் எல்லை வந்துவிடும், ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஐந்து பாகைவரை திரும்பலாம். ஆனால் சரிவதில் அந்தச் சலுகை இல்லை, பக்கவாட்டில் ஒன்றரைப் பாகை சரிந்தால் படம் தள்ளாடத் தொடங்கும். ஆகவே திரும்புவதுதான் உங்கள் படகின் தொல்லை என்றால் ஃப்ரீ டிஷ்ஷை நம்பலாம். டயலொக்தான் வேண்டுமென்றால் படகின் மூக்கு மேற்கே பார்க்கக் கட்டுங்கள், அப்போது பக்கச் சரிவில் முக்கால் பங்குதான் டிஷ்ஷுக்குப் போகும், கச்சானுக்கும் மூக்குக் கொடுத்த மாதிரி ஆகும்.

பொருட்களை நடுவில் தாழ்வாக வையுங்கள். டிவி பார்க்கிற நேரத்தில் ஐந்து பேர் ஒரே பக்கம் உட்காராதீர்கள், சின்ன ஃபைபர் படகில் ஒரு ஆள் இடம் மாறினாலே படம் போகும். டிஷ்ஷை உயரத்தில் தூக்கத் தேவையில்லை, செய்மதிக்குப் பத்தடி உயரம் ஒன்றுமே இல்லை. தடுப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் பூட்டுங்கள், உயரம் காற்றைத்தான் கூட்டும். ஃபைபர் தளத்தில் நேரே துளை போடாமல், கீழே ஒரு பலகை வைத்துப் போல்ட் போடுங்கள், அல்லது கைப்பிடிக் குழாயில் கவ்வியால் இறுக்குங்கள்.

தானாகச் செய்மதியைத் தேடித் தொடர்கிற வெள்ளைக் குமிழ் அன்டெனாக்கள் உண்டு, கேவிஎச், இன்டெலியன் போன்றவை. ஓடுகிற கப்பலிலும் எடுக்கும். விலை பல இலட்சம். கட்டி நிற்கிற படகுக்கு அது வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம், அந்தக் காசுக்கு ஒரு நல்ல எஞ்சின் பார்க்கலாம்.

திருப்புகிற வேலை

டிஷ் வயர் வந்து சேருகிற செட்-டொப் பெட்டியையும் சின்ன டிவியையும் டிஷ்ஷுக்குக் கிட்டவே கொண்டு போங்கள், உள்ளே ஒருவர் "வருது, போகுது" என்று கத்துவதை நம்பி வேலை செய்யாதீர்கள். சத்தம் போடுகிற சின்ன மீட்டர் ஒன்று கடைகளில் விற்கும், உதவும், ஆனால் அது எந்தச் செய்மதி என்று சொல்லாது, ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

வயரைப் பூட்டும்போதும் கழற்றும்போதும் பெட்டி நிறுத்தியிருக்க வேண்டும். வயர் வழியாக எல்என்பிக்கு, அதாவது டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்குகிற தலைக்கு, 13 அல்லது 18 வோல்ட் போகிறது, வயரின் நடுக்கம்பி பின்னலில் பட்டால் பெட்டி போய்விடக்கூடும். இனி கொம்பஸ். எஞ்சினுக்கும் இரும்புக் குழாய்க்கும் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், போன் கொம்பஸும் அப்படித்தான். அந்தத் திசையில் தூரத்தில் ஒரு கோபுரமோ மரமோ அடையாளம் வைத்துக்கொண்டு வந்து டிஷ்ஷை அதை நோக்கித் திருப்புங்கள். உயரத்தைப் பின்னால் உள்ள அளவுகோலில் வையுங்கள். டிஷ்ஷின் முகம் செய்மதியை நேரே பார்ப்பதுபோல இருக்காது, கண்டு குழம்ப வேண்டாம், இந்த வகை டிஷ் தான் பார்ப்பதைவிட இருபது, இருபத்தைந்து பாகை கீழே பார்ப்பதுபோலத்தான் தெரியும்.

பெட்டியின் பட்டியலில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோடு இருக்கும், பலம், தரம் என்று. பலத்தைப் பார்க்காதீர்கள், டிஷ் வானத்தையே பார்க்காவிட்டாலும் அது அறுபது, எழுபது காட்டும். தரம்தான் முக்கியம். டிஷ்ஷை ஒரு விரலளவு நகர்த்துங்கள், மூன்று விநாடி பொறுங்கள், பெட்டி பிந்தித்தான் சொல்லும், அப்புறம் அடுத்த விரலளவு. இடம் வலமாக ஒன்றும் கிடைக்கவில்லையா, உயரத்தை ஒரு பாகை மாற்றி மீண்டும் முழுக்கத் தேடுங்கள். தரம் ஏறியதும் எல்என்பியை அதன் பிடியில் மெதுவாகத் திருகுங்கள். டயலொக்குக்கு இது நிறையத் திருக வேண்டிவரும், நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருந்துகொண்டு மேற்கே தூரத்தில் இருக்கிற செய்மதியைப் பார்க்கிறோம், சிக்னல் நம்மிடம் வரும்போது நன்றாகச் சாய்ந்துதான் வரும். கூரையில் பூட்டியிருந்த பழைய எல்என்பியை அப்படியே நேராக வைத்துவிட்டுத் தரம் ஏறவில்லை என்கிறவர்களுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

படகில் பூட்டியிருந்தால் இன்னும் ஒரு வேலை: படகு இடது கோடிக்கு ஆடும்போதும் வலது கோடிக்கு ஆடும்போதும் தரத்தைப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைகிற மாதிரி நடுவில் வைத்து இறுக்குங்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது கிடைக்கிற உச்சம் ஏமாற்றும். இறுக்கியபின் போல்ட்டுகளில் கிறீஸ் பூசுங்கள், குழாயில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள், அடுத்தமுறை தேடுகிற வேலை இருக்காது.

பட்டரி

24 அங்குல டிவியும் பெட்டியும் சேர்ந்து 40 வாட் அளவில் எடுக்கும், 12 வோல்ட்டில் அது மூன்றரை அம்பியர். இரவுக்கு நாலு மணித்தியாலம் பார்த்தால் 14 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி பட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால் மூன்று இரவு தாங்கும். ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுகிற பட்டரியில் டிவி பார்க்கவே பார்க்காதீர்கள், தனிப் பட்டரி, தனி ஃபியூஸ், பட்டரிக்குப் பக்கத்திலேயே. பெரிய படகுகளில் 24 வோல்ட் இருக்கலாம், மீட்டர் வைத்துப் பார்க்காமல் டிவியைக் கொழுவினால் டிவி ஒருமுறைதான் எரியும். 12 வோல்ட் படகிலும் எஞ்சின் ஓடும்போது 14க்கு மேல் ஏறும், ஆகவே இடையில் 12ஐ நிலையாக வைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன மாற்றி போடுங்கள்.

கரையிலிருந்து 230 வோல்ட் நீட்டு வயர் தண்ணீருக்கு மேலால் இழுத்து வருகிறார்கள். செய்யாதீர்கள். கட்டாயம் என்றால் கரைப்பக்கம் வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும், அதன் பட்டனை அமத்திப் பார்த்துவிட்டுத்தான் கொழுவ வேண்டும்.

மழையும் இடியும்

கார்த்திகை, மார்கழி மழை கொட்டும்போது படம் போகும், எவ்வளவு நல்ல டிஷ்ஷானாலும். மழை குறைந்ததும் வந்தால் டிஷ் சரி. மழை விட்டு ஒரு மணித்தியாலமாகியும் வராவிட்டால் இணைப்புக்குள் தண்ணீர், முதலில் எல்என்பி முனையைக் கழற்றிப் பாருங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கினால் டிவியை நிறுத்துவது போதாது, டிஷ் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே போடுங்கள். திறந்த வாவியில் நிற்கிற இரும்புக் குழாய்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள்.

புயல் எச்சரிக்கை வந்தால் டிஷ்ஷைக் கழற்றிக் கரைக்குக் கொண்டு போய்விடுங்கள், நாலு நட்டுத்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், தகரம் எப்படிப் பறந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். குழாய் நிற்கட்டும், பெயின்ட் கோடு இருக்கிறதல்லவா, காற்று அடங்கியதும் பத்து நிமிடத்தில் திரும்பப் பூட்டலாம்.